குயில்ட்டை எந்தப் பக்கமிருந்து தைப்பது: முன்பக்கமா, பின்பக்கமா?

ஒட்டுத்துணிகளை இணைத்து, குயில்ட் என்ற மூன்றடுக்குப் போர்வையின் மேல்துணி தயாராகிவிட்டது. நடுவில் வைக்கும் பேட்டிங் பஞ்சு வந்துவிட்டது, பின்துணியும் இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கிறது. மூன்றையும் அடுக்கி மெஷினுக்கு அடியில் நுழைக்கும் நேரத்தில்தான் பலருக்குச் சந்தேகம் வருகிறது. பின்துணியில் பெரிய பெரிய பூக்கள் இருக்கின்றன. குயில்ட்டைக் கவிழ்த்துப் போட்டு, அந்தப் பூக்களைச் சுற்றியே தைத்துவிட்டால் தனியாக டிசைன் வரைய வேண்டாமே? இன்னொருவருக்கு வேறு ஆசை. முன்பக்கத்தில் தடிமனான, பளபளப்பான நூல் ஓட வேண்டும், ஆனால் அது ஊசிக் காதில் நுழையவே மாட்டேன் என்கிறது. பின்பக்கமிருந்து தைத்தால் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டுமே செய்யக்கூடியவைதான். ஆனால் கவிழ்த்துத் தைப்பதற்கு ஒரு விலை உண்டு. குயில்ட்டின் முகத்தைப் பார்க்காமலேயே அதன் மேல் ஆயிரக்கணக்கான தையல்கள் போடப் போகிறோம். அந்த விலைக்கு ஈடாகப் பின்பக்கத்திலிருந்து உருப்படியாக ஏதாவது கிடைக்க வேண்டும். பின்பற்றத் தகுந்த பிரிண்ட், அல்லது பாபினில் (மெஷினின் அடிநூல் சுற்றும் உருளையில்) மட்டுமே ஓடக்கூடிய நூல், இந்த இரண்டில் ஒன்று இருந்தால் கவிழ்க்கலாம். முன்பக்கத்தில் கோடு போடச் சோம்பலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கவிழ்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## கவிழ்த்தால் என்னவெல்லாம் மாறுகிறது

தையல் மெஷினில் ஊசி நூலும் பாபின் நூலும் துணிக்குள் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. டென்ஷன், அதாவது நூலின் இழுவை, சரியாக இருந்தால் அந்தக் கோப்பு பஞ்சுக்குள் மறைந்துவிடும். மேலே ஊசி நூல் மட்டும் தெரியும், கீழே பாபின் நூல் மட்டும் தெரியும். குயில்ட்டைக் கவிழ்த்ததும் பாபின் நூல்தான் முன்பக்கத்து நூல். அதன் நிறம், தடிமன், டென்ஷன் எல்லாமே இப்போது முகத்தில் தெரியும்.

டிசைனும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறும். பூ, இலை, சுழல் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எழுத்து, எண், ஒரே திசையில் பறக்கும் பறவைகள் என்றால் முன்பக்கத்தில் திசை மாறிக் கூத்தாகிவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்.

- தைக்கும்போது கண் எந்தப் பக்கத்தைப் பார்த்தாக வேண்டும்?
- டிசைனுக்கான வழிகாட்டி எங்கே இருக்கிறது: மேல்துணியின் இணைப்புக் கோடுகளிலா, பின்துணியின் பிரிண்டிலா, அல்லது எங்குமே இல்லையா?
- முன்பக்கத்தில் எந்த நூல் தெரிய வேண்டும்?
- மேல்துணி எப்படிப்பட்டது: தட்டையானதா, தடித்த இணைப்புகளும் அப்ளிக் வேலையும் (மேலே வைத்துத் தைத்த துணி உருவங்களும்) உள்ளதா, இழுபடும் துணியா?
- தப்பு நடந்தால் அது எப்போது தெரியவரும்?

கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மேலே நடக்கும் தப்பு ஓர் அங்குலத்தில் தெரிந்துவிடும், அடியில் நடப்பது முழு வரிசையும் முடிந்து புரட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். நெருக்கமாகப் போட்ட ஃப்ரீ மோஷன் தையலை (துணியைக் கையாலேயே நகர்த்திப் போடும் தையலை)ப் பிரிக்கிற வேலை, அதைப் போட்ட நேரத்தைப் போலப் பல மடங்கு விழுங்கும்.

## வழி 1: முன்பக்கமிருந்தே தைப்பது

பெரும்பாலான குயில்ட்டுகளுக்கு இதுதான் சரியான வழி. இணைப்புக் கோடுகள், முனைகள், பார்டர் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். நாலைந்து துணி மடிப்புகள் ஒன்றுகூடும் தடித்த முனை வரும்போது வேகத்தைக் குறைக்கலாம், மேல்துணி எங்காவது உப்பினால் உடனே விரலால் நீவிவிடலாம்.

இதிலும் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. முதலாவது, கோடு. நீரில் கரையும் நீலப் பேனாவால் போட்டால், கழுவும்வரை அதன் மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். கழுவும்போதும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதாது. மை பஞ்சுக்குள் இறங்கிவிட்டு, காய்ந்தபிறகு திரும்ப மேலே வரும். முழுதாக, சோப்புப் போடாத குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் வகைப் பேனாவின் மை சுமார் 60 டிகிரி செல்சியஸில் நிறமிழக்கும், ஆனால் உறைகுளிரில் மறுபடி தெரியும். பரிசாகக் கொடுத்து வேறு ஊருக்குப் போகப் போகிற குயில்ட்டின் முகத்தில் இதைப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

இரண்டாவது, இரைச்சலான பிரிண்ட். மேல்துணி முழுக்கப் பல நிறப் பூக்கள் என்றால் கோடும் தெரியாது, தைத்த இடமும் தெரியாது. எங்கே தைத்தோம், எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பின்துணி மிங்க்கி மாதிரி நீள மயிருள்ள, இழுபடும் துணியாக இருந்தால் மறுயோசனையே வேண்டாம், முன்பக்கமிருந்து தையுங்கள். அந்தத் துணி மேலே வந்தால், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் அதன் மயிரைத் தள்ளிக்கொண்டே போகும், துணியும் அதோடு இழுபடும்.

## வழி 2: பின்துணியின் பிரிண்டைப் பிடித்துக்கொண்டு

கவிழ்த்துத் தைக்க மிகச் சிறந்த காரணம் இது. பெரிய பூக்கள், கொடிகள், இலைகள் உள்ள பின்துணி கிடைத்தால், ஓவியர் ஒருவர் உங்களுக்காக வரைந்துகொடுத்த டிசைன் அது. ஃப்ரீ மோஷனில், துணியை நகர்த்தும் மெஷினின் பற்களை இறக்கிவிட்டு, இதழ்களின் ஓரத்திலேயே ஊசியை ஓட்டலாம். முன்பக்கத்தில் ஒற்றை நிறத் துணி இருந்தால் அங்கே பிரிண்ட் எதுவும் இல்லாமல் பூக்களின் தையல் மட்டும் மேடு பள்ளமாக எழும்பி நிற்கும். கோடு போட வேண்டியதில்லை, கழுவி அழிக்க வேண்டியதும் இல்லை. கட்டம் போட்ட துணியைப் பின்துணியாக வைத்து, வாக்கிங் ஃபுட்டால் (எல்லா அடுக்குகளையும் சீராக நகர்த்தும் ஃபுட்டால்) கட்டத்தின் கோட்டிலேயே நேர்த்தையல் போடுவதும் இந்த வகைதான்.

பிரிண்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பூவின் அழகை மட்டும் பார்த்தால் போதாது. பூக்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். தையல்களுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பஞ்சுப் பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். பிரிண்டில் அதைவிடப் பெரிய வெற்றிடம் இருந்தால், அங்கே நீங்களாக ஒரு கொடியோ சுழலோ சேர்த்தாக வேண்டும். மிகச் சின்னப் பூக்களும் சரிவராது. அவற்றையெல்லாம் சுற்றித் தைத்தால் குயில்ட் அட்டை போல விறைத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு அடுக்கும் வேலையில் இருக்கிறது. வழக்கமாகப் பின்துணியைத் தரையில் இழுத்து டேப் ஒட்டி, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி என்று அடுக்கி, மேலிருந்து ஊக்குகளைக் குத்துவோம். அப்படியே கவிழ்த்தால் ஊக்குகள் அடிப்பக்கம் போய்விடும். அவை மெஷின் தட்டில் உரசும், எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் ஊசி அவற்றின் மேல் இறங்கும். அதனால் அடுக்குவதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: மேல்துணி முகம் கீழாகத் தரையில், அதன் மேல் பஞ்சு, அப்புறம் பின்துணி, ஊக்குகள் பின்துணிப் பக்கமிருந்து. நூலால் தற்காலிகத் தையல் போட்டாலோ, ஸ்ப்ரே பசை அடித்தாலோ எந்தப் பக்கமிருந்தும் தைக்கலாம்.

இந்தத் தலைகீழ் அடுக்கில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. தரையில் ஒட்டப்படும் துணிதான் சுருக்கமில்லாமல் தட்டையாக நிற்கும். தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் போகும் துணிக்குத்தான் அந்தத் தட்டை அவசியம். இங்கே அடியில் போவது மேல்துணி, தரையில் ஒட்டப்பட்டதும் அதுவே. லேசாக இழுத்து ஒட்டினால் போதும். விறைப்பாக இழுத்தால், டேப்பை எடுத்ததும் அது உள்வாங்கிக்கொண்டு பின்துணியில் சுருக்கம் விழும்.

பின்துணி எல்லாப் பக்கமும் 3, 4 அங்குலம் பெரிதாக இருக்கும் என்பதால் மேல்துணியின் ஓரம் எங்கே முடிகிறது என்று மேலிருந்து தெரியாது. ஓரத்தைத் தாண்டி வெறும் பஞ்சின் மேல் பூ தைத்தால் உழைப்பு வீண். பிரிண்ட் வரிசைவரிசையாக இருந்தாலும் கவனம் தேவை. பின்துணி ஒரு விரல்கடை சாய்ந்திருந்தால் போதும், முன்பக்கத்தின் நேர்க்கோட்டுக் கட்டங்களின் மேல் தையல் வரிசைகள் கோணலாக ஓடும்.

அடுத்தது டென்ஷன். வளைவுகளில் கை வேகமாகப் போய்விட்டால் அடிப்பக்கத்தில் பாபின் நூல் நேராக நின்று, ஊசி நூல் அதைச் சுற்றிக் கண்ணிமை முடி மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்களாக நீட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கமிருந்து தைத்திருந்தால் அது பின்துணியோடு போயிருக்கும். கவிழ்த்துத் தைக்கும்போது முகத்தில் வந்து உட்காரும். ஊசி டென்ஷனைக் கொஞ்சம் கூட்டி, வளைவுகளில் கையை நிதானமாக்கினால் சரியாகும். மேலும் கீழும் ஒரே நிற நூல் போட்டால், தப்பித்தவறி வரும் புள்ளிகளும் கண்ணை உறுத்தாது. முதல் பூ முடிந்ததும் ஒரு மூலையை மடித்து அடியில் பாருங்கள். அடுத்த பூவுக்குப் பிறகும் பாருங்கள்.

நூல் முனைகளைப் பொறுத்தவரை பின்பக்கத்துக்கே சாதகம். தொடங்கும்போது பாபின் நூலை மேலே இழுத்துவிட்டால் முடிச்சு, ஒளித்து வைக்கும் வேலை எல்லாமே கண்ணெதிரே, அதுவும் பின்துணிப் பக்கத்திலேயே நடந்துவிடும்.

## வழி 3: பின்துணியில் கோடு வரைந்து தைப்பது

முன்பக்கத்தில் பேனா படவே கூடாது என்பதற்காகப் பலர் இதை நாடுகிறார்கள். மேல்துணி இரைச்சலாக இருந்து, பின்துணி ஒற்றை நிறமாக இருந்தால் கோடு பளிச்சென்று தெரியும் என்பதும் உண்மை.

ஆனாலும் நான் இதைத் தயக்கத்தோடுதான் சொல்வேன். கோட்டின் தொல்லை தீரவில்லை, பக்கம்தான் மாறியிருக்கிறது. சரியாகக் கழுவிப் போகாத மை பஞ்சு வழியாக முன்பக்கத்தை எட்டவும் வாய்ப்புண்டு. தலைகீழ் அடுக்கு, ஓரம் தெரியாதது, டென்ஷன் பயம் ஆகிய செலவுகள் அத்தனையும் வழி 2 போலவே இருக்கின்றன, அதன் பிரிண்ட் என்ற லாபம் மட்டும் இல்லை. மேல்துணியில் மை படக்கூடாது என்றால், மெல்லிய டிஷ்யூ தாளில் டிசைனை வரைந்து, முன்பக்கத்திலேயே ஊக்கு குத்தித் தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுக்கலாம். தையல் நெருக்கமாக இருந்தால் தாள் துணுக்குகளை எடுக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மேல்துணி முழுக்கப் பல நிறப் பிரிண்ட், பின்துணி ஒற்றை நிறம், பின்பக்கமும் ஒரு முகமாகத் தெரிய வேண்டும் என்றால் மட்டும் இந்த வழி தன் செலவுக்குத் தகும்.

## வழி 4: தடிமன் நூலைப் பாபினில் வைத்து

பேர்ல் காட்டன் (பளபளப்பான முறுக்குப் பருத்தி நூல்) 8ஆம் எண், தடித்த ரேயான், எளிதில் பிசிறும் ஜரிகை நூல் இவற்றையெல்லாம் ஊசியில் கோத்துத் தைப்பது போராட்டம். ஒவ்வொரு அங்குல நூலும் துணியில் உட்காருவதற்கு முன் ஊசிக் காது வழியாகப் பல தடவை மேலும் கீழும் போய் வருகிறது. அந்த உரசலில் ஜரிகை உரிந்துவிடும். பாபினிலிருந்து வரும் நூலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதனால் அதைப் பாபினில் சுற்றி, குயில்ட்டைக் கவிழ்த்துத் தைத்தால், கையால் எம்பிராய்டரி போட்டது போன்ற தடித்த கோடு முன்பக்கத்தில் வரும். வேறு எந்த வழியிலும் மெஷினில் இந்த அழகு எளிதில் வராது.

வேலை முழுக்கப் பாபின் கேஸில் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் உள்ள சின்ன ஸ்க்ரூதான் பாபின் நூலின் டென்ஷன். இடப்பக்கம் திருப்பினால் தளரும், வலப்பக்கம் இறுகும். தடிமன் நூலுக்குக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். சாதா நூலை இழுக்கும்போது கைக்கு என்ன இழுவை தெரிந்ததோ, தடிமன் நூலை இழுக்கும்போதும் ஏறக்குறைய அதே இழுவை தெரிய வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு மேலே வைத்துத் திருப்புங்கள். அந்த ஸ்க்ரூ கழன்று விழுந்தால் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. திருப்புவதற்கு முன் அதன் பிளவு எந்தத் திசையில் நிற்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். இந்த வேலையை அடிக்கடி செய்வதாக இருந்தால் இரண்டாவது பாபின் கேஸ் வாங்கிவிடுவதே நல்லது, தினசரித் தையலுக்கான கேஸைத் தொட வேண்டியிருக்காது.

ஊசியில் மெல்லிய நூல், பின்துணியின் நிறத்தில். தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். குட்டையாக வைத்தால் தடித்த நூல் முண்டு முண்டாகத் தெரியும். நூலைப் பாபினில் மெதுவாக, சமமாகச் சுற்றுங்கள். தானாக நூல் வெட்டும் பட்டனைத் தொடாமல், கையாலேயே நீளமாக வாலை விட்டு வெட்டி, பின்பக்கம் இழுத்து முடியுங்கள்.

செலவு என்னவென்றால், தடித்த நூல் பாபினில் கொஞ்சம்தான் பிடிக்கும். பாதி இலையில் தீர்ந்துவிடும், தீர்ந்தது தெரியாமல் மெஷின் வெறும் ஊசி நூலோடு ஓடிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே பல பாபின்களைச் சுற்றி வைத்து, ஒவ்வொரு கோடும் எங்கே முடியும் என்று திட்டமிட்டுத் தைப்பதே வழி. இந்த அலுப்பால் முழுக் குயில்ட்டுக்கும் இது சரிப்படாது. நடுப் பதக்கம், பார்டர், ஒரு கொடி என்று கண் போய் நிற்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 5: முதலில் முன்பக்கம், அப்புறம் பின்பக்கம்

கவிழ்ப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். முதலில் குயில்ட்டை முகம் மேலாக வைத்து, கட்டங்களின் இணைப்புப் பள்ளத்திலேயே வாக்கிங் ஃபுட்டால் நேராகத் தைத்துவிடுங்கள். மேல்துணியின் விளிம்பிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளே ஒரு சுற்றும் போட்டுவிடுங்கள், பிறகு ஓரத்தில் வைத்துத் தைக்கும் பட்டியில் அது மறைந்துவிடும். இதற்குள் மூன்று அடுக்கும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும், ஊக்குகளையெல்லாம் எடுத்துவிடலாம்.

இப்போது கவிழ்த்துப் பார்த்தால் மேல்துணியின் வரைபடமே பின்பக்கத்தில் தையலாகத் தெரியும். எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறோம், தடித்த முனை எங்கே வரும், ஓரம் எங்கே முடிகிறது என்று எல்லாமே கண்ணெதிரே. மேல்துணி அடியில் மடிந்து தைபடும் அபாயமும் பெருமளவு போய்விடும். அடுக்குவதும் வழக்கமான முறையிலேயே நடக்கும்.

நேரம்தான் செலவு. கனமான குயில்ட்டை மெஷினின் கைக்கு அடியில் இரண்டு முறை சுருட்டி நுழைக்க வேண்டும். பள்ளத்தையல் கோடுகள் பின்பக்கத்துப் பூக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், அதனால் அந்தச் சுற்றுக்குப் பாபினில் பின்துணியின் நிறத்தையே போடுங்கள். மேல்துணி முழுக்க ஒரே துணியாக, இணைப்பே இல்லாமல் இருந்தால் நீரில் கரையும் நூலால் ஒரு பெரிய கட்டம் தைத்துக்கொள்ளலாம். குயில்ட்டைக் கழுவும்போது அது மறைந்துவிடும். ஆனால் கழுவக்கூடாத துணியென்றால் இது வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | முகம் கண்ணில் படுமா | கூடுதல் வேலை | பெரிய ஆபத்து |
|---|---|---|---|
| 1. முன்பக்கம் | எப்போதும் | கோடு போட்டு அழிப்பது | மை போகாமல் நிற்பது |
| 2. பின் பிரிண்ட் | புரட்டினால்தான் | தலைகீழ் அடுக்கு | முகத்தில் வளையங்கள், மடிப்பு |
| 3. பின்னால் கோடு | புரட்டினால்தான் | தலைகீழ் அடுக்கு, கோடு இரண்டும் | வழி 2-இன் எல்லா ஆபத்தும், மையும் |
| 4. பாபினில் தடிமன் நூல் | புரட்டினால்தான் | டென்ஷன் மாற்றுவது, அடிக்கடி பாபின் | பாதியில் நூல் தீர்வது |
| 5. முன், அப்புறம் பின் | முதல் சுற்றில் முழுதாக | இரண்டு முறை தைப்பது | குறைவு, நேரம்தான் போகும் |

## உங்கள் குயில்ட்டுக்கு எது

முதல் குயில்ட் என்றால் வழி 1. கை பழகும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே தையுங்கள்.

மேல்துணியில் அப்ளிக், லேஸ், எம்பிராய்டரி இருந்தாலும் முன்பக்கமே நல்லது. கவிழ்த்து நேர்த்தையல் போட்டால் மெஷினின் பற்கள் அந்த மேடுகளை உரசிக்கொண்டே போகும். பற்களை இறக்கிய ஃப்ரீ மோஷனில் அந்த உரசல் இல்லை, ஆனாலும் மேடுகள் மெஷின் தட்டில் சிக்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மணி, பட்டன் எல்லாம் குயில்டிங் முடிந்த பிறகே.

மேல்துணி எளிமையானது, பின்துணியில் அருமையான பிரிண்ட் என்றால் வழி 2. மேல்துணியில் கட்டங்கள் நிறைய இருந்தால் அதையே வழி 5-ஆகச் செய்யுங்கள். மூலைவிட்டமாக வெட்டிய துண்டுகள், இழுபடும் ஓரங்கள் இருந்தால் வழி 5-ஐ விட்டு விலகவே வேண்டாம். அப்படிப்பட்ட மேல்துணி அடியில் கிடக்கும்போது நகர்ந்து மடிவதற்கு ஒரு நொடி போதும்.

ஜரிகையும் பேர்ல் காட்டனும் முன்பக்கத்தில் மின்ன வேண்டும் என்றால் வழி 4, அதுவும் பள்ளத்தையல் முடித்த பிறகு.

குயில்ட்டைச் சட்டகத்தில் மாட்டித் தைக்கும் பெரிய லாங்ஆர்ம் மெஷினில் வெளியே கொடுத்துத் தைப்பதாக இருந்தால், பின்துணி மேலாக மாட்டித் தைக்கச் சம்மதமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சட்டகத்தில் மாட்டிய பிறகு அடிப்பக்கத்தைப் பார்ப்பது அவர்களுக்கும் கஷ்டம், எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எந்த வழியாக இருந்தாலும், அதே மேல்துணி, அதே பஞ்சு, அதே பின்துணியில் ஒரு சாண் அளவுக்கு ஒரு மாதிரி அடுக்கு செய்துகொள்ளுங்கள். அதன் நடுவில் தடித்த இணைப்பு ஒன்றும் இருக்கட்டும். நேர்க்கோடு, வளைவு, கூர்முனை மூன்றையும் தைத்து, புரட்டிப் பார்த்து, ஊசி எண், நூல், டென்ஷன் எண் எல்லாவற்றையும் அந்தத் துணியிலேயே எழுதி வையுங்கள். குயில்ட்டின் நடுவில் நூல் மாற்றும்போதும் பாபின் மாற்றும்போதும் முதலில் அந்த மாதிரித் துணியில் இரண்டு அங்குலம் ஓட்டிவிட்டு, அப்புறம் குயில்ட்டுக்குப் போங்கள்.